முள் அசைந்த கதை

மார்ச் 3

ஏழுலகும் புகழக் கிளம்பிப் பாதி வழியில் மனம் மாறித் திரும்பிப்போன இயக்குநர் திலகத்துக்கு, அன்னாரின் தாய்மாமன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்தை நேற்று இரண்டே முக்கால் மணி நேரம் திரையிலேயே பார்த்துவிட்டபடியால் தனியாக விசாரிக்க ஒன்றுமில்லை. இடைவேளையில் உன்னைக் கூப்பிட்டு, "மருமகனே, மிச்சத்தையும் காட்டித்தான் ஆகணுமா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டதற்கு என் நம்பரைத் தடை செய்துவிட்டாய். ஆகவே தபால்காரர் காலில் விழுந்திருக்கிறேன்.

'ஏழாம் கத்தி' என்று பெயர் வைத்தாயே, ஆறு கத்தியைத்தான் நான் எண்ணினேன். ஏழாவது கத்தி, டிக்கெட் வாங்கும்போதே என் கழுத்தில் இறங்கிவிட்டது போலிருக்கிறது. அரங்கில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். இடைவேளைக்குப் பிறகு ஏழு. அதில் இருவர் தூக்கம், ஒருவர் டார்ச் அடிக்கிறவர். ஆறு குண்டு போடும் துப்பாக்கியால் உன் நாயகன் நூற்றுப் பதினான்கு தடவை சுட்டான். என் கைவிரல் தீர்ந்து, கால்விரல் தீர்ந்து, பக்கத்து இருக்கைக்காரர் விரலையும் வாங்கி எண்ணினேன். ஒருவனைக் கொல்லும் முன் ஒன்பது நிமிடம் வசனம் பேசுகிறான். அதற்குள் அந்த ஆள் வயசாகியே செத்திருப்பான்.

யாருடைய கதையடா இது? முப்பது வருஷத்துக்கு முன் நம் ஊர் லாரிப்பேட்டையை வாயே திறக்காமல் ஆண்ட ரௌடியின் கதை. பேசவே மாட்டான் என்பதால் ஊர் வைத்த பெயரே 'மௌனம்'. அவனுடைய வலது கரமாக நான் விளங்கிய நாளில், அவன் ஒரு தடவை இருமினால் பேட்டையில் நிற்கும் லாரிகள் தாமாகவே பின்னால் நகரும். அவனைப் போய் மேடைப் பேச்சாளர் ஆக்கியிருக்கிறாய்!

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மௌனத்தின் வலது கரம், உன் தாய்மாமன்

*

மார்ச் 11

மாமாவுக்கு,

நான் நலமில்லை. உங்கள் முழங்கால் வலி நலம் என்று எழுதியிருந்தீர்கள். அது நீடூழி வாழட்டும்.

படம் ஆறே நாளில் தூக்கப்பட்டது. பத்திரிகைக்காரர்கள் கிழித்தார்கள், பொறுத்துக்கொண்டேன். ஆனால் கதை சொன்னவரே கிழிப்பதை எந்த ஊர் நியாயத்தில் சேர்ப்பது? அரைக்கால்சட்டை வயதிலிருந்து என்னை எதிரே உட்காரவைத்து, மௌனத்தின் கார்க் கதவைத் திறந்துவிட்டது நான், ஒரே பார்வையில் ஒன்பது பேரை ஓடவிட்டது நான் என்று அளந்தது யார்? நான் அதைத்தான் எடுத்தேன். ஊருக்கே அது புளுகு என்று தெரிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஒரே ஒரு காட்சிக்குக் கைதட்டினார்கள். எடைமேடை எழுத்தர் வரும் காட்சி. லாரிப்பேட்டையில் எடை எழுதுகிற ஆள், காலை நொண்டிக்கொண்டே வந்து, "மௌனத்துக்கு ஒரே அடி விட்டேன். பல்செட்டு பறந்து எடைமேடை மேல விழுந்துச்சு. டன் கணக்குல எடை போடுற முள்ளே அசைஞ்சுதுன்னா பாத்துக்கோ!" என்பாரே, அது. அப்பா உயிரோடு இருந்தவரை சாப்பிடும்போதெல்லாம் சொன்ன அதே வரி. அவர் அந்த எடைமேடையில் எழுத்தராக இருந்து, பொய்ப் புகார் கொடுத்தார் என்று வேலை போனவர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புளுகு ஒன்றுதான் என் படத்தைக் கொஞ்சமாவது தூக்கி நிறுத்தியது.

நீங்கள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கி உண்டு, டார்ச் உண்டு. அந்தக் காட்சியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. பாராட்டினால் நாக்கு வெந்துவிடுமோ?

அம்மா முதல் காட்சிக்கு வந்தார். அந்த இடத்தில்தான் எழுந்து போனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. காரணமும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

மருமகன்

*

மார்ச் 19

கைதட்டல் பெற்ற மாமேதைக்கு,

இங்கே வலி இடது முழங்காலுக்கும் பரவி, இரண்டும் ஒற்றுமையாக வாழ்கின்றன. அங்கே உன் தலைக்கனம் குறையாதிருப்பதாகக் கடிதத்தின் எடையே சொல்கிறது.

நான் அளந்தேனாம்! மூட்டையில் அரிசி கொடுத்தால் சமைக்கத் தெரிய வேண்டாமா? உன் நாயகன் சிரிக்கும்போது அடித் தொண்டை வரை முப்பத்திரண்டும் பளபளக்கிறது. பற்பசை விளம்பரம் தோற்றது. மௌனத்துக்கு அந்தப் பாக்கியம் ஏது? வாயைத் திறந்தால் மேல் செட்டு கழன்று நாக்கில் விழும். அதனால்தான் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பான். எதிரே நிற்கிறவனுக்கு அது மரண தண்டனையாகத் தெரியும். ஒரு தடவை கடைத்தெருவில் அவனுக்குத் தும்மல் வந்தது. அடக்கினான். அடக்கிய முகத்தைப் பார்த்து நான்கு கடைக்காரர்கள் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பின்வாசல் வழியாகச் சம்பந்தி வீட்டுக்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். இதை எடுத்திருந்தால் படம்! நீ வாடகைக்கு முப்பது கார் எடுத்து முப்பதையும் கொளுத்தினாய்.

அக்கா பேசாவிட்டால் விட்டுவிடு. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு நாலு நாள் அனுபவித்துக்கொள்.

மற்றபடி எழுத விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
சமைக்கத் தெரிந்த மாமன்

*

ஏப்ரல் 2

மாமாவுக்கு,

உங்கள் இரண்டு முழங்கால்களுக்கும் வாழ்த்து.

நீங்கள் என்னைப் புதைத்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள். செய்தி கேளுங்கள். தயாரிப்பாளர் கூப்பிட்டார். "ரௌடி வேணாம். அந்த எழுத்தர் இருக்காரே, பல்லப் பறக்கவிட்டவரு, அவரையே முழுப்படமா எடு. ஜனம் வயிறு வலிக்கச் சிரிக்கும்" என்றார். முழுநீள நகைச்சுவை. மே பத்தாம் தேதி கையெழுத்து. தோற்ற இயக்குநருக்கு இரண்டாவது வாய்ப்பு என்பது பூனைக்கு இரண்டாவது பாற்குடம். கிடைத்ததே அதிசயம்.

இந்தத் தடவை உங்கள் வாய்க்கதையை நம்பவில்லை. நீதிமன்றத்தில் பழைய வழக்கின் நகல் வாங்கிவிட்டேன். அப்பாவின் காலை உடைத்ததாக மௌனத்தின் மீது வழக்கு. 'லாரி உரசியது' என்பது எதிர்த்தரப்பு வாதம். அதில் மூன்றாம் சாட்சி யார் தெரியுமா? நீங்கள்! பல்செட்டு செய்கிறவர் என்ற முறையில். எடைமேடையில் கிடந்த செட்டைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள்: "உள்பக்கம் மூன்று புள்ளி இருக்கிறதே, அது உங்கள் கடை அடையாளம்தானே?" நீங்கள் சொன்ன பதில்: "புள்ளியை யாரும் வைக்கலாம். இது என் கைவேலை இல்லை. இந்த ஆள் வாயை நான் பார்த்ததே இல்லை."

வழக்கு அதோடு தீர்ந்தது. அப்பாவின் புகார் பொய் என்று ஆனது.

மாமா, இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? அக்கா புருஷனுக்காகக்கூடப் பொய்சாட்சி சொல்லாத மனுஷன்! படத்தின் உச்சக்கட்டமே இதுதான். எழுத்தர் கூண்டில் நின்று புளுகுகிறார், மச்சினன் வந்து ஒரே வரியில் உண்மையைச் சொல்லி மூக்கை உடைக்கிறார். உங்கள் வேடத்துக்கு நல்ல உயரமான நடிகராகப் பார்க்கிறேன்.

அப்பாவின் புளுகுகள் வேறு ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள். அம்மாவிடம் கேட்க முடியாது.

மருமகன்

*

ஏப்ரல் 6

மருமகனே,

சுகம் விசாரிக்க நேரமில்லை.

அந்தப் படத்தை எடுக்காதே. வேறு எதை வேண்டுமானாலும் எடு. என்னை எடு. பல்செட்டு மாட்டத் தெரியாமல் தலைகீழாக மாட்டிக்கொண்டு மூன்று நாள் சிரித்தபடியே திரிந்த பள்ளிக்கூட ஆய்வாளர் கதை இருக்கிறது, தருகிறேன். தன் செட்டு என்று நினைத்துப் பெண்டாட்டி செட்டை மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் போன பேச்சாளர் கதை இருக்கிறது. ஒரு நூறு கதை இருக்கிறது, சும்மா எடுத்துக்கொள்.

எழுத்தரை விடு.

மாமா

*

ஏப்ரல் 15

மாமாவுக்கு,

நீங்கள் விசாரிக்காததால் நானும் விசாரிக்கவில்லை.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஆள் நீங்கள். கதாநாயகன் வேடம் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறீர்கள். பொறாமை என்று முதலில் நினைத்தேன். இரண்டு நாள் திட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு காரியம் செய்தேன். உங்கள் மார்ச் மாதக் கடிதத்தையும் நீதிமன்ற நகலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

நகலில்: "இந்த ஆள் வாயை நான் பார்த்ததே இல்லை."

கடிதத்தில்: "மேல் செட்டு கழன்று நாக்கில் விழும்."

ஒரு வாய்க்கு இரண்டு சாட்சியா, மாமா? உங்களுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு வலது கரமாக இருந்ததால் தெரியும் என்று மட்டும் எழுதாதீர்கள். வலது கரம் என்றால், சொந்த அக்கா புருஷனின் காலை உடைத்தவனுக்கு வலது கரம் என்று அர்த்தம். அதை யோசித்துதான் இத்தனை வருஷம் பெருமையடித்தீர்களா?

மே பத்து கையெழுத்து. அதற்குள் பதில் வராவிட்டால் நகலில் உள்ளபடியே எடுப்பேன். அப்பா புளுகராகவும் நீங்கள் உத்தமராகவும் ஊர் ஊராக ஓடுவீர்கள்.

மருமகன்

*

மே 4

மருமகனுக்கு மாமா எழுதுவது.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலி என்று எழுதியதெல்லாம் கடிதம் தொடங்க ஒரு சாக்கு.

இத்துடன் ஒரு அட்டைப்பெட்டி வரும். குலுக்காதே. உள்ளே மாவில் எடுத்த மௌனத்தின் வாய் அச்சு இருக்கிறது. அடியில் தேதியும் என் கையெழுத்தும். முப்பது வருஷமாகக் கடைப் பரணில் இருந்தது. பல இரவுகளில் அதை உடைக்க — இல்லை, பொய். ஒரு நாளும் உடைக்க நினைக்கவில்லை. பார்க்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

நான் அவனுக்கு வலது கரமும் இல்லை, இடது கரமும் இல்லை. அவன் கார்க் கதவைத் தொட்டதுகூட இல்லை. ஈறு நோயில் முப்பத்தெட்டு வயதிலேயே அவன் வாய் காலி. வெளியே தெரியாமல் பின்வாசல் வழியாகக் கடைக்கு வந்தான். செட்டு செய்து கொடுத்தேன். நான் செய்கிற எல்லாவற்றிலும் போல உள்பக்கம் மூன்று புள்ளி குத்தினேன். அளவு தப்பியிருந்தது, மேல் செட்டு உட்காரவே இல்லை. ஊரே நடுங்கிய அந்த மௌனம் என் கைவேலையின் குறைதான்.

அவன் லாரிகளுக்குப் பொய் எடை எழுத மாட்டேன் என்றார் அத்தான். அவனே நேரில் வந்தான். அத்தான் நிஜமாகவே ஒரே அடி விட்டார். செட்டு நிஜமாகவே பறந்தது. அதற்குப் பிறகுதான் அவன் ஆட்கள் காலை உடைத்தார்கள். கீழே கிடந்தபடியே அத்தான் அந்தச் செட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார். மூன்று புள்ளி. போலீசிடம், "என் மச்சினன் செஞ்சது. அவன் வந்து சொல்லுவான்" என்றார்.

வழக்குக்கு நாலு நாள் முன்பு காலையில் கடை திறந்தேன். மௌனம் பின்வாசல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தனியாக. கத்தி இல்லை, ஆள் இல்லை. உன் படத்தில் வருவதுபோல் ஒரு வசனம் இல்லை. வாயைத் திறந்து விரலால் காட்டினான். புது செட்டுக்கு அளவு எடு என்று அர்த்தம். அவ்வளவுதான். மிரட்டவே இல்லை. மாவைக் குழைத்து அந்த வாய்க்குள் கை வைத்தபோது, மிரட்டலை நானே சொல்லிக்கொண்டேன். கூண்டில் ஏறி நீ படித்ததைச் சொன்னேன். அந்த இரண்டாம் செட்டு கச்சிதமாகப் பொருந்தியது. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். புள்ளியைப் பார்த்தவர் அவர். ஆனால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் முள் அசைந்த இடத்தோடு நிறுத்திவிடுவார். புள்ளியைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. நிறுத்திவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடுவார். எல்லாரும் சிரிப்பீர்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

மௌனத்தின் வலது கரம் என்ற கதையெல்லாம் பிறகு கட்டியது. பயந்தவன் என்று தெரிவதைவிடப் போக்கிரி என்று தெரிவது மேல் என்று பட்டது.

மாமா

*

மே 12

கடிதம் வந்தது. பெட்டியும் வந்தது, உடையவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. தயாரிப்பாளர் வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

உங்களைத் திட்டி மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நானும்தானே அந்தக் காட்சியை எடுத்தேன் என்று நான்காவதில் நின்றுவிட்டது. அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் நம்பருக்குப் போட்ட தடை அப்படியேதான் இருக்கும்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். முழுவதும் கேட்டார். பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

*

மே 20

தம்பிக்கு அக்கா எழுதறது.

நீ நல்லா இருக்கியான்னு நான் கேக்கல. முப்பது வருஷம் கேட்டாச்சு.

அவரு அந்தக் கதைய சொல்லும்போதெல்லாம் நானும் சிரிச்சேன். "ஐயோ, ஆரம்பிச்சிட்டாரு"ன்னு புள்ளைய பாத்துக் கண்ணடிப்பேன். தியேட்டர்ல முப்பது பேரு ஒண்ணா சிரிச்சப்ப, அதுல என் சிரிப்பு எனக்குத் தனியா கேட்டுது. அதான் எழுந்து வந்தேன். புள்ள மேல கோவம்னு அவன் நினைச்சுக்கிட்டான்.

நீ எனக்கு எழுத வேணாம். வீட்டுக்கு வர வேணாம். ஜூன் ஒண்ணாம் தேதி காலைல பதினோரு மணிக்கு எடைமேடைக்கு வா. அந்தக் காலத்து ஆளுங்க மூணு பேரு இன்னும் பேட்டையில இருக்காங்க. அவங்க முன்னாடி சொல்லு. பெட்டிய நான் எடுத்துட்டு வரேன்.

வராட்டி, எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருந்தான்னு சொல்றதும் புளுகுக் கணக்குலதான் சேரும்.

*

ஜூன் 3

மருமகனுக்கு,

உன் அம்மா நலமாக வீடு வந்து சேர்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன். நடந்ததை அவள் உன்னிடம் சொல்ல மாட்டாள். அதனால் எழுதுகிறேன். கூட்டிக் குறைக்காமல்.

பதினோரு மணிக்குப் போனேன். அக்கா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். டயர்க் கடைக்காரர், வாயிற்காவலர், பழைய லாரி டிரைவர் என்று மூன்று பேர். சொன்னேன். டிரைவர் "சத்தமா சொல்லுப்பா, காது கேக்கல" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும் டயர்க் கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பல்லு விழுந்தத நாங்களும்தான் பாத்தோம்" என்றார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். அக்கா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் தனியாக இல்லை என்று எனக்கு ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

இப்போது அங்கே முள் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் சிவப்பு எண்கள்தான். லாரி எதுவும் ஏறாமல் சைபர் காட்டிக்கொண்டிருந்தது. அக்கா அட்டைப்பெட்டியைத் திறந்து அந்த அச்சை எடுத்து எடைமேடையின் நடுவில் வைத்தாள். அத்தனை பெரிய இரும்புத் தகட்டில் அது ஒரு கூழாங்கல் மாதிரி இருந்தது.

சைபர் சைபராகவே இருந்தது. அவள் நகராமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, மத்ததெல்லாம் நெசம். முள்ளு அசைஞ்சுதுங்கிறது மட்டும் அத்தான் சேத்தது. அவ்ளோ சின்ன எடைக்கு அது அசையாது" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எண்களைப் பார்த்தபடியே, "இந்தப் பெட்டிக்கு என்னடா தெரியும்? முள்ளு அசைஞ்சுது" என்றாள்.

அச்சை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் பின்னால் ஏறப் போனேன். பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கிக்கொண்டேன்.

நீ எப்போதாவது இதைப் படமாக எடுத்தால் என்னை எப்படி வேண்டுமானாலும் காட்டு. குட்டையான நடிகராகவே பார். ஆனால் முள் அசைய வேண்டும்.

இப்படிக்கு,
பல்செட்டு செய்கிறவன்